படைத்தளச் செலவைப் பங்கிடும் பேச்சுவார்த்தை: மாதிரி அமர்வு நடத்த முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டில் நிலைகொண்டிருக்கிறது. அதற்கான வேதனம், கட்டடம், மின்சாரம், காணி ஆகியவற்றில் யார் எவ்வளவு தருவது? அரசறிவியலும் சர்வதேச உறவுகளும் படிக்கும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சுவார்த்தையை மாதிரியாக நடத்தி வருகிறேன். புதிய குழு எதுவானாலும் தடுக்குவது ஒரே இடத்தில்தான். கதிரையில் இருந்த கையோடு தொகையைச் சொல்லிவிடுவார்கள். ஒரு பக்கம் ஐந்து என்னும், மற்றப் பக்கம் ஒன்று என்னும், பிறகு மத்தியானம் வரைக்கும் பேரம்தான்.

தொகை கடைசியாக வரவேண்டியது. அதற்கு முந்திய படிகளை ஒழுங்காக முடித்திருந்தால், தொகைக்காகச் சண்டைபிடிக்க அதிகம் மிஞ்சாது. கீழே உள்ள ஒழுங்கை மாற்றவேண்டாம். எடுத்துக்காட்டாகத் தென் கொரியாவையும் (கீழே கொரியா என்றால் அதுதான்), அங்கே படை வைத்திருக்கும் அமெரிக்காவையும் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் முடிவான தொகையும் விதிகளும் பகிரங்கமாக இருப்பதால் பிள்ளைகள் தாங்களே சரிபார்க்கலாம்.

## தொடங்குமுன் தேவையானவை

பக்கத்துக்கு நான்கு பேர் போதும்: தலைவர், திறைசேரிக்காரர், பாதுகாப்பு அமைச்சின் ஆள், சட்டத்தரணி. நால்வரும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது. திறைசேரிக்காரர் தன் சொந்தத் தலைவரோடேயே முரண்படவேண்டும், நிஜத்தில் நடப்பதும் அதுதான்.

இரு பக்கமும் சேராத ஒருவர் குறிப்பெடுக்கட்டும். எக்செல் உள்ள ஒரு மடிக்கணினி வேண்டும். புரொஜெக்டர் இல்லையென்றால் பிறிஸ்டல் போட்டும் மார்க்கரும் காணும்.

ஒரு கிழமைக்கு முந்தியே ஆவணங்களைக் கொடுத்துவிடுங்கள். காலையில் கொடுத்தால் யாரும் வாசிப்பதில்லை. முழு உடன்படிக்கையை வாசிக்கச் சொல்லாமல், செலவு பற்றிய உறுப்புரைகளை மட்டும் பிரதியெடுத்துக் கொடுப்பது நல்லது.

## 1. ஒப்பந்தம் இல்லாவிட்டால் யார் கட்டவேண்டும் என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி இது. பேச்சு முறிந்தால் சட்டப்படி செலவு யார் தலையில்? பதில் தெரியாமல் மேசைக்குப் போகிறவர் தன் பலத்தை அறியாமலே போகிறார்.

கொரியாவும் அமெரிக்காவும் 1966இல் செய்த படைநிலை உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை தெளிவானது. காணியையும் வசதிகளையும் கொரியா இலவசமாகத் தரும். படையைப் பராமரிக்கும் மற்றச் செலவெல்லாம் அமெரிக்காவுடையது. 1991 முதல் கொரியா கட்டிவரும் பணம் இந்த விதிக்கு ஒரு விலக்கு. அதனால்தான் அந்தந்தக் காலத்துக்கென்று விசேட உடன்படிக்கை ஒன்று தேவைப்படுகிறது. ஜப்பானிலும் இதே அமைப்பு: 1960இன் உடன்படிக்கையில் 24ஆம் உறுப்புரை, அதற்கு மேல் 1987 முதல் விசேட உடன்படிக்கைகள்.

விசேட உடன்படிக்கை காலாவதியானால், காணிக்கு அப்பால் கொரியாவின் சட்டக்கடமை பூச்சியம். கொரியப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்காமல், ஏதோ கடன்பட்டவர்கள் போலக் குனிந்துகொண்டு தொடங்குவார்கள். சட்டத்தரணியின் முதல் வேலை அவர்களை நிமிர்த்துவது.

பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் படை அனுப்பிய நாடுதான் வாடகை கட்டுகிறது. இந்து சமுத்திரத்தில் அமெரிக்கப் படைத்தளம் உள்ள தீவு தியாகோ கார்சியா. அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் பக்கத்தில் 2021இல் படகில் போய் அங்கே அகப்பட்ட தமிழர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தத் தீவுக்காகப் பிரித்தானியா 2025 மே மாதம் மொரீஷியஸுடன் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், 99 வருடத்துக்கு ஆண்டுக்குச் சராசரி 101 மில்லியன் பவுண் கட்ட ஒப்புக்கொண்டது. தளத்தை நடத்தும் செலவு அமெரிக்காவுடையது. இடத்துக்குக் காசு, படைக்குக் காசு என்ற இந்த இரண்டு கணக்கையும் ஒரே அமர்வில் கலந்தால் பின்னேரம்வரை அவிழ்க்க முடியாது.

## 2. எதெல்லாம் செலவு என்று பட்டியலிடுங்கள்

அமர்வின் அரைவாசி நேரத்தை இந்தப் படிக்கே கொடுங்கள்.

எங்கள் காணி உறுதிகளில் கிணற்றில் அரைப்பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று எழுதியிருக்கும். மோட்டருக்குக் கரண்ட் காசு யார், கிணறு இறைக்கக் கூலி யார் என்று எழுதியிராது. இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு நிற்பது அங்கேதான். படைத்தளத்திலும் பிணக்கு பட்டியலில் இல்லாத உருப்படியிலிருந்துதான் வருகிறது.

பட்டியலுக்கு நான்கு நிரல் போடுங்கள்: உருப்படி, இப்போது கட்டுவது யார், காசாகவா பொருளாகவா, அளவைத் தீர்மானிப்பது யார். நான்காவது நிரலைப் பிள்ளைகள் வெறுமையாக விட்டுவிடுவார்கள். விடவேண்டாம். அளவை ஒருவர் தீர்மானித்து இன்னொருவர் கட்டும் உருப்படி ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு வழக்கு.

கொரியாவின் பங்களிப்பு மூன்று தலைப்பில் போகிறது: தளத்தில் வேலைசெய்யும் கொரிய ஊழியரின் வேதனம், கட்டுமானம், வழங்கல் உதவி. அமெரிக்கச் சிப்பாயின் சம்பளம் இதில் இல்லை. ‘அவர்களின் ஆமிக்கு நாங்கள் சம்பளம் கொடுக்கிறோமா?’ என்று எந்தக் குழுவிலும் ஒருவர் கேட்பார். பட்டியலைக் காட்டுங்கள், கேள்வி அடங்கும்.

அடுத்து, இந்த மூன்றுக்கும் வெளியே நிற்பவற்றை எழுதவேண்டும். காணியின் வாடகைப் பெறுமதி, விட்டுக்கொடுத்த வரி, அமெரிக்கப் பிரிவுகளோடு இணைக்கப்படும் கொரியச் சிப்பாய்களின் செலவு. பியொங்டேக் நகரில் கட்டிய ஹம்ஃபிரீஸ் முகாம் இன்னும் பெரிது. அதற்குச் சுமார் 10.8 பில்லியன் டொலர் போனது. ஏறத்தாழ 90 வீதத்தைக் கொரியா ஏற்றது, பெரும்பகுதி வேறு உடன்படிக்கைகளின் கீழ். ‘நீங்கள் ஒன்றும் தருவதில்லை’ என்று எதிர்ப்பக்கம் தொடங்கும்போது திறைசேரிக்காரர் இந்தத் தாளைத்தான் எடுத்து வைக்கவேண்டும்.

காணி விடயத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் காணி போன வீட்டுப் பிள்ளை ஒருத்தி, பட்டியல் தொடங்கியதுமே ‘சேர், காணிக்காசு எந்த நிரலில?’ என்று கேட்டாள். பாடப்புத்தகம் வெறும் ‘இலவசம்’ என்று எழுதிவிட்டுப் போகும் இடம் அது. இலவசம் என்றால் காசு கைமாறவில்லை, அவ்வளவுதான். அந்த நிலத்தில் விளைந்திருக்கக்கூடியதும் கட்டியிருக்கக்கூடியதும் யாரோ இழந்தவை. மதிப்பிட்டு எழுதுங்கள், அடைப்புக்குள் என்றாலும்.

படை அனுப்பும் பக்கம் பட்டியலை நீட்டப் பார்க்கும். 2018இல் அமெரிக்கா விமானந்தாங்கிக் கப்பல், குண்டுவீச்சு விமானம் போன்றவை வந்துபோகும் செலவுக்கென ‘நடவடிக்கை ஆதரவு’ என்று நான்காவது தலைப்பைக் கேட்டது. கொரியா மறுத்தது. தலைப்பு ஒருமுறை திறந்துவிட்டால் அடுத்த சுற்றில் அதன் அளவைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், அது வேண்டுமா வேண்டாமா என்று திரும்பக் கேட்க முடியாது. எதிர்த்திசையிலும் பட்டியல் நகரும். 2024இல் முடித்த 12ஆவது விசேட உடன்படிக்கையில், கொரியக் குடாநாட்டுக்கு வெளியே உள்ள அமெரிக்கத் தளபாடங்களின் திருத்த வேலைக்கு இந்தப் பணத்தைச் செலவிடும் வழக்கத்தை நிறுத்திக்கொண்டார்கள். செய்திகளில் பெரிதாக அடிபடாத வரி, ஆனால் கொரியப் பக்கத்துக்கு நல்ல வெற்றி.

## 3. கணக்கு முறையைத் தெரிவுசெய்யுங்கள்

மூன்று முறை உண்டு. ஒவ்வொன்றிலும் செலவு கூடினால் அடி விழுவது வேறு வேறு ஆளுக்கு.

மொத்தத் தொகை: கொரியாவின் வழி. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அதை மூன்று தலைப்புக்கும் பிரிப்பது பிறகு. பாதீடு போடச் சுகம். ஆனால் தேவையில்லாவிட்டாலும் பணம் போகும். கட்டுமானத்துக்குக் கொடுத்த பணம் செலவாகாமல் தேங்கி, வட்டி சேர்ந்ததே கொரியப் பாராளுமன்றத்தில் பெரிய சர்ச்சையானது.

உருப்படி வாரியாக: ஜப்பானின் வழி. இத்தனை ஊழியருக்கு வேதனம், மின்சாரம் தண்ணீரில் இத்தனை வீதம் என்று. 2022 முதல் 2026 வரையான ஐந்து நிதியாண்டுக்கு ஆண்டுச் சராசரி சுமார் 211 பில்லியன் யென். அந்தச் சுற்றில் ஜப்பான் மின்சாரம், தண்ணீர்க் கட்டணத்தில் தன் பங்கை 61 வீதத்திலிருந்து படிப்படியாக 35 வீதத்துக்கு இறக்கிவிட்டு, பயிற்சித் தளபாடத்துக்குப் புதிய தலைப்புத் திறந்தது. தன் நாட்டு மக்களுக்கு விளக்கக் கடினமான உருப்படியைக் குறைத்து, தன் படைக்கும் உதவக்கூடியதைக் கூட்டியிருக்கிறது. உருப்படி முறையில்தான் இந்த மாற்றம் சாத்தியம்.

வீதப் பங்கு: ஹொங்கொங்கின் பழைய வழி. 1981 உடன்படிக்கையில் பிரித்தானியப் படைச் செலவின் 75 வீதத்தை ஹொங்கொங் அரசு ஏற்றது. கேட்க நீதியாக இருக்கும். ஆனால் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது மற்றவர் என்றால், 75 வீதம் கட்டுகிறவர் கணக்காய்வு உரிமையும் சேர்த்துக் கேட்டே ஆகவேண்டும்.

என்னைக் கேட்டால், இடங்கொடுக்கும் நாட்டுக்கு உருப்படி முறைதான் நல்லது. வேலை கூட, ஆனால் ஒவ்வொரு வரியையும் பாராளுமன்றத்தில் காட்டலாம்.

## 4. ஆண்டு அதிகரிப்பு விதியைத் தொகைக்கு முதலே பூட்டுங்கள்

பிள்ளைகள் இதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ‘பணவீக்கத்தோட போகட்டும்’ என்று முடித்துவிடுவார்கள். அதிகமாகக் காசு கசிவது இங்கேதான்.

2021இல் முடிந்த 11ஆவது உடன்படிக்கையை எக்செலில் போட்டுப் பாருங்கள். முந்திய தொகை 1.0389 ட்ரில்லியன் வொன். 2021இல் அது 1.1833 ஆனது, 13.9 வீத உயர்வு. பத்திரிகை எல்லாம் இந்த 13.9ஐத்தான் தூக்கிப்பிடித்தன. வொன் கணக்கில் கூடியது 144.4 பில்லியன்.

அதே உடன்படிக்கை, அடுத்த ஆண்டுகளின் உயர்வைக் கொரியாவின் பாதுகாப்புப் பாதீட்டு வளர்ச்சியோடு கட்டியது. 2025இல் தொகை 1.4028 ட்ரில்லியன். 2021இன் தொகைக்கு மேலாகக் கூடியது 219.5 பில்லியன். மாதக்கணக்காக மல்லுக்கட்டிய 13.9 வீதத்தைவிட, அந்த ஒற்றை வரி விதி அதிகம் தின்றிருக்கிறது.

இன்னொரு கோணலும் உண்டு. தன் பாதுகாப்புக்குத் தானே கூடச் செலவழிக்கும் நாடு, அந்தக் காரணத்துக்காகவே நட்பு நாட்டுக்கும் கூடக் கட்டவேண்டி வரும். நியாயம் மறுபக்கமாக இருந்திருக்கவேண்டும்.

12ஆவது உடன்படிக்கை இதை மாற்றியது. 2026க்கு 1.5192 ட்ரில்லியன், 2030 வரை நுகர்வோர் விலைச்சுட்டெண்ணோடு ஏறும், எந்த ஆண்டிலும் 5 வீதத்தைத் தாண்டாது. முதல் ஆண்டில் 8.3 வீதம் கூட்டிக்கொடுத்து விதியை மீட்டெடுத்தார்கள் என்று வாசிக்கலாம். இரு குழுவையும் இரண்டு முடிவும் கணக்கிடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 2 வீதம் என்றால் 2030இல் 1.64 ட்ரில்லியன், 5 வீதம் என்றால் 1.85. இந்த இடைவெளியைக் கண்ணால் கண்ட குழு பிறகு விதியை ஐந்து நிமிடத்தில் முடிக்காது.

உச்சவரம்பு இல்லாத சுட்டெண்ணில் கையெழுத்து வைக்கவேண்டாம். 2022இல் விலைவாசி எங்கே போனது என்று இலங்கைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

## 5. காலமும், காலம் முடிந்த பிறகும்

எத்தனை ஆண்டு? ஓராண்டு என்றால் மை காயுமுன் அடுத்த சுற்று. 2019 மார்ச்சில் கையெழுத்தான 10ஆவது உடன்படிக்கை அந்த ஓராண்டுக்குத்தான். அது டிசம்பரோடு முடிய, புதியது இல்லாமலே ஓராண்டுக்கு மேல் போனது.

அந்த இடைவெளியில் அடி விழுந்தது மேசையில் இல்லாத ஆட்களுக்கு. 2020 ஏப்ரல் 1 முதல், தளங்களில் வேலைசெய்த கொரியர் ஒன்பதாயிரம் பேரளவில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் சம்பளமில்லாத விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கொரிய அரசு சிறப்புச் சட்டம் போட்டு நிவாரணம் கொடுத்தது. பிறகு ஜூனில், வேதனத்தை மட்டும் கொரியா முற்கூட்டிக் கட்டுவது என்று இணங்கினார்கள்.

அதனால் 11ஆவது உடன்படிக்கையில் ஒரு வரி சேர்ந்தது: புதிய உடன்படிக்கை இல்லாத காலத்தில் வேதனம் முந்திய ஆண்டு அளவில் தொடரும். உங்கள் வரைவில் இந்த வரி இல்லையென்றால் 5ஆம் படி முடியவில்லை.

படை அனுப்பும் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் இந்த வரியை எதிர்ப்பார்கள், தங்கள் நெருக்குதல் போய்விடும் என்று. எதிர்க்கட்டும். பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

## 6. காசா, பொருளா, எந்த நாணயம்

சுருக்கமாகவே முடியும். கட்டுமானத்தைப் பொருளாகக் கொடுத்தால், அதாவது கட்டிக் கையளித்தால், வேலை உள்ளூர் ஒப்பந்தகாரருக்குப் போகும், பணமும் தேங்காது. நாணயம் கட்டுகிறவருடையதாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் நாணயமாற்று வீதமே அவர் பாதீட்டைத் தீர்மானிக்கும்.

வேறு கொள்வனவோடு கட்டிவிடுவதில் கவனம். 1960களில் மேற்கு ஜேர்மனி அமெரிக்கப் படையின் டொலர்ச் செலவுக்கு ஈடாக அமெரிக்க ஆயுதம் வாங்க ஒத்துக்கொண்டது. பணம் தட்டுப்பட்டதும், 1966 செப்டெம்பரில் சான்சலர் ஏர்ஹார்ட் வொஷிங்டன் போய்த் தவணை கேட்டார், ஜனாதிபதி ஜோன்சன் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பி வந்தவரின் கூட்டணி பாதீட்டுப் பிரச்சினையில் உடைந்து, ஆண்டு முடியுமுன் பதவியும் போனது.

## 7. வீட்டில் யார் கையெழுத்து வேண்டும்

கொரியாவில் தேசிய சபை அங்கீகரிக்கவேண்டும். அமெரிக்காவில் இது நிறைவேற்று உடன்படிக்கை, காங்கிரஸின் வாக்கு தேவையில்லை. இந்தச் சமனின்மை இரண்டு பக்கமும் வெட்டும். கொரியத் தூதுக்குழு ‘எங்கள் சபை விடாது’ என்று சொல்லலாம், அது உண்மையும்தான். மறுபுறம், அமெரிக்காவில் அடுத்த ஜனாதிபதி வந்து எல்லாவற்றையும் திரும்பத் திறக்கலாம்.

12ஆவது உடன்படிக்கையின் நாட்காட்டியைப் பாருங்கள். முந்தியது 2025 முடியும்வரை இருக்க, 2024 ஒக்டோபர் ஆரம்பத்திலேயே, அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு மாதம் முதல் முடித்துவிட்டார்கள். அதே மாதம் ட்ரம்ப், தான் ஜனாதிபதியாக இருந்தால் கொரியா ஆண்டுக்கு 10 பில்லியன் டொலர் கட்டும் என்று மேடையில் சொன்னார்.

எங்கள் நாட்டுக்கும் இந்தப் படி புதிதல்ல. 1864இல் இலங்கைச் சட்டநிரூபண சபையின் உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர்கள் இங்கிருந்த பிரித்தானியப் படையின் செலவை எதிர்த்துத்தான் ஒன்றாகப் பதவி விலகினார்கள்.

அமர்வில் செய்யவேண்டியது: இரண்டு பேரைப் பாராளுமன்றக் குழுவாக வெளியே இருத்துங்கள். தூதுக்குழுத் தலைவர் இடைவேளையில் அவர்களிடம் போய் வரைவை விளக்கி அனுமதி வாங்கவேண்டும். மேசையில் கெட்டிக்காரராக இருந்தவர் பலர் இங்கே திணறுவார்கள்.

## 8. இப்போது தொகை

முதல் ஏழு படியும் முடிந்திருந்தால், தொகையின் பெரும்பகுதி பட்டியலிலிருந்து தானாக வரும். மிஞ்சியதற்குத்தான் பேரம்.

யார் முதலில் சொல்வது? பட்டியலோடு வருகிறவர். ஆதாரமில்லாத பெரிய தொகைக்குப் பதிலாகச் சிறிய தொகை சொல்லவேண்டாம். ‘எந்த வரியில் இது வருகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். 2019இல் அமெரிக்கா சுமார் 5 பில்லியன் டொலர் கேட்டதாகச் செய்திகள் வந்தன, அது இருந்த தொகையின் ஐந்து மடங்கு. அந்த நவம்பரில் கொரியத் தலைநகர் சோலில் அமெரிக்கக் குழு நடுவிலேயே எழுந்துபோனது. 2020 ஏப்ரலில் கொரியா கொடுக்க வந்த சுமார் 13 வீத உயர்வை ட்ரம்ப் தட்டிவிட்டார். அடுத்த ஆண்டு, ஆட்சி மாறிய பிறகு, முடிந்தது 13.9இல்.

இந்தக் கதையைக் கொரியப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பேன். எதிர்ப்பக்கம் எழுந்துபோனால் பதறி அரைவாசியாவது ஏற்றிக்கொடுப்பது புதியவர்களின் வழக்கம். கதவு சாத்திய சத்தத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

மொத்தம் சொல்லும்போது எந்தக் கணக்கில் என்று எழுதுங்கள். தியாகோ கார்சியா உடன்படிக்கையையே பிரித்தானிய அரசு 3.4 பில்லியன் பவுண் என்றது, எதிர்க்கட்சி சுமார் 35 பில்லியன் என்றது. முதலாவது இன்றைய பெறுமதிக்குக் கழித்த கணக்கு, மற்றது பணவீக்கத்தோடு ஏறும் 99 ஆண்டுக் கொடுப்பனவுகளை அப்படியே கூட்டியது. திறைசேரிக்காரர் இரண்டையும் கையில் வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு எப்போதும் தனக்கு வசதியானதைத்தான் சொல்லும்.

## 9. எழுதிய பிறகு வரைவைச் சோதியுங்கள்

கைகுலுக்கியதும் பிள்ளைகள் கன்ரீனுக்கு ஓடப் பார்ப்பார்கள். விடாமல் இருத்தி, வரைவை இந்தக் கேள்விகளால் குடையுங்கள்.

செலவாகாத பணம் ஆண்டு முடிவில் யாருடையது? அதன் வட்டி? படையினரின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் தொகையும் குறையுமா? காலம் முடிந்த மறுநாள் ஊழியருக்குச் சம்பளம் போடுவது யார்? கணக்கைப் பார்க்கும் உரிமை எந்த அலுவலகத்துக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

பதிலை வரைவின் எந்த வரியில் என்று விரலால் காட்டவேண்டும். ‘அது விளங்கும்தானே சேர்’ என்ற பதிலை ஏற்கவேண்டாம். காட்ட முடியாத கேள்விக்குரிய படிக்கு இரு குழுவையும் திருப்பி அனுப்புங்கள், தொகையைத் தொடாமல் அந்த வரியை மட்டும் எழுதிக்கொண்டு வரட்டும்.

புள்ளி போடுவதானால் தொகைக்குக் குறைவாகவும் 2ஆம், 4ஆம், 5ஆம் படிகளுக்குக் கூடவும் போடுங்கள். எந்தப் படிக்கு எவ்வளவு என்று காலையிலேயே பலகையில் எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் எல்லோரும் தொகைக்கே ஓடுவார்கள்.